டிக்கெட்டில் ஏறிய சோடாபுட்டி

எழுத்துகளை வெட்டி ஒட்டுவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில், கீழே டயர் கடையும் பக்கத்தில் அலுமினிய ஜன்னல் பட்டறையும் உள்ள கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆலைகளுக்கும் சைட்டுகளுக்கும் ஆட்களை அனுப்பும் கம்பெனி அது. ஆட்களின் பாஸ்போர்ட், விசா, கேட் பாஸ், லீவு, டிக்கெட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்த முதல் இரண்டு வருடமும் நான் செய்தது ஒரே வேலை. ஒரு பட்டியலில் இருக்கிற பெயர்களைப் பார்த்து இன்னொரு பட்டியலில் திரும்ப அடிப்பேன். ஒரு ஆலைக்குக் குடும்பப் பெயர் முதலில் வேண்டும், இன்னொன்றுக்குக் கடைசியில் வேண்டும், மூன்றாவதற்கு எல்லாம் பெரிய எழுத்தில் வேண்டும். விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, சாப்பாட்டு நேரத்தில் போனில், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பைதான் மொழி வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பார்சல் சோற்றை ஒரு கையால் பிசைந்தபடியே படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. முதல் பாடமே ஸ்ட்ரிங். மேற்கோள் குறிகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்துகளின் வரிசை. மனிதன் பெயரா, பிஸ்கட் பெயரா என்று அதற்குக் கவலையில்லை. முதல் எழுத்தைப் பூஜ்யம் என்று எண்ணும். நடுவில் விடுகிற இடைவெளியையும் ஓர் எழுத்தாக எண்ணும். இது தெரிந்த அன்று எனக்கு ஒரு பெரிய விஷயம் விளங்கியது. இரண்டு வருடமாக ஒரே ஆளின் பெயர் இரண்டு பட்டியலில் பொருந்தாமல் என் உயிரை எடுத்ததற்குக் காரணம், பெயருக்குப் பின்னால் யாரோ தட்டிவிட்ட, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. ஸ்ட்ரிப் என்ற ஒரு சொல்லைப் போட்டால் இரண்டு பக்கத்து இடைவெளியும் போய்விடும்.

போய்விடும் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினேன். ஸ்ட்ரிப் போடுகிறேன், அச்சிட்டுப் பார்க்கிறேன், இடைவெளி அப்படியே இருக்கிறது. மௌஸைத் தூக்கி மேசையில் அடித்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்தே போய்விட்டார். பிறகுதான் பிடிபட்டது: ஸ்ட்ரிங்கை மாற்றவே முடியாது. நீ எத்தனை வெட்டு வெட்டினாலும் பழையது அப்படியே இருக்கும், வெட்டிய துண்டு புதிதாக ஒன்றாகக் கையில் வரும். அந்தப் புதியதை ஒரு பெயர் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் காற்றோடு போகும். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. மூலத்தை யாராலும் கெடுக்க முடியாது என்றால் பயமில்லாமல் வெட்டலாம் அல்லவா?

வெட்டினேன். ஸ்பிளிட் என்று ஒன்று இருக்கிறது. இடைவெளி இருக்கிற இடமெல்லாம் பார்த்து ஒரு வரியைச் சொற்களாகப் பிரித்துத் தரும். கடைசிச் சொல்லை எடு, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போடு. மற்றதையெல்லாம் சேர், முன்பெயர் கட்டத்தில் போடு. இரண்டு நாள் வேலை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. நான் படித்த வீடியோக்களில் எல்லாருக்கும் இரண்டே சொல்லில் பெயர் இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒற்றைப் பெயர், அல்லது பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். இதையெல்லாம் நானும் யோசிக்காமல் இல்லை. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு டிராவல் ஏஜென்ட் கேட்கிற மாதிரியே தனி வழி எழுதி வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக எனக்கு நானே ஒரு பலூடா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. ஆட்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தவர் கேம்ப் பாஸ். தொழிலாளிகள் தங்கும் கேம்ப்பைப் பார்த்துக்கொள்பவர், திருநெல்வேலிக்காரர். காலை நாலரைக்கு ஆட்களை எழுப்பி, எந்த பஸ்ஸில் யார் என்று கத்தி ஏற்றிவிடுவது அவருடைய டியூட்டி. மாதம் ஒருமுறை அவருடைய பட்டியல்தான் எனக்கு வரும், அதிலிருந்துதான் எல்லாம் கிளம்பும்.

அந்த வருடம் ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலை முடிந்து, நாற்பத்தொரு பேருக்கு ஒரே வாரத்தில் லீவு கொடுத்தார்கள். நாற்பத்தொரு டிக்கெட். பட்டியலை என் நிரலில் ஊற்றினேன், வந்ததை ஏஜென்டுக்கு அனுப்பினேன். முதல் பத்து வரியைச் சரிபார்த்தேன், கச்சிதமாக இருந்தது. ஏஜென்டுக்கு எங்கள் ஆட்களின் பெயரெல்லாம் ஒரே மாதிரிதான். அவன் எதையும் கேட்கவில்லை. "இவ்வளவு சீக்கிரமாவா மேடம்?" என்று மட்டும் கேட்டான். நான் சிரித்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. ஷார்ஜா ஏர்போர்ட்டிலிருந்து ஒரு சாரம் கட்டுகிறவர். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், ஐம்பதை நெருங்கியவர், நாலு வருடமாக ஊருக்குப் போகாதவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் அவருடைய ஒரே மகளுக்கு முகூர்த்தம். ஆலை வேலை வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்துவிட்டதால் அதற்கு முன்னால் அவரால் கிளம்ப முடியவில்லை. லீவு விண்ணப்பத்தோடு மஞ்சள் தடவிய பத்திரிகையையும் என்னிடம் கொடுத்திருந்தார்.

"மேடம், டிக்கெட்ல இருக்குற ஆளு நான் இல்லைங்குறாங்க மேடம். உள்ள விட மாட்டேங்குறாங்க."

"ஏன், என்ன பேர் போட்டிருக்கு?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். "சோடாபுட்டினு போட்டுருக்கு மேடம். குடும்பப் பேரு சோடாபுட்டியாம். கவுன்டர்ல இருக்குற பிள்ளை, மிஸ்டர் சோடாபுட்டி யாருனு கேக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைத் திறந்தேன். அவருடைய பெயர், அப்பா பெயர், அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டவர் அவர். என் நிரல் தன் கடமையைச் செய்திருந்தது. கடைசிச் சொல்லை எடுத்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருந்தது.

"அண்ணை, பதறாதேங்கோ. அங்கேயே நில்லுங்கோ. நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு கேம்ப் பாஸுக்கு அடித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு டயர் கடைக்காரர்கள் மேலே நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"பேர் எழுதிற இடத்தில என்ன கூத்து இது? சோடாபுட்டி எண்டு எழுதுவியளோ? ஒரு மனிசன்ர மகளின்ர கலியாணம் நிக்குது!"

"மேடம், கத்தாதிய" என்றார் அவர். "அந்த முருகன் பேர்ல நம்ம கேம்ப்ல அஞ்சு பேரு கெடக்கான். விடியக்காலைல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அஞ்சும் திரும்புது. எவன் எந்த பஸ்ஸுனு நான் எப்படிக் கண்டுபிடிக்க? சோடாபுட்டினா அவரு ஒருத்தருதான் வருவாரு. அஞ்சு வருசமா இப்படித்தான் எழுதுதேன். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையால் அடித்த இரண்டு வருடமும் அந்தப் பட்டப்பெயர்களை என் கண் தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. நெட்டை என்று இருந்தால் அது பெயரில்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரலுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்தது அதற்கும் தெரியும் என்று நான் எப்படி நினைத்தேன்? போனை வைத்தேன். பிழை என்னுடையது. ஒத்துக்கொண்ட பிறகு தலை தெளிந்தது.

ஏஜென்டைப் பிடித்தேன். டிக்கெட்டில் பெயரைத் திருத்த இனி நேரமில்லை, ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும் என்றான். திருச்சி விமானத்தில் இடம் இல்லை. மாலையில் துபாயிலிருந்து சென்னைக்கு ஒன்று போகிறது, அதில் இரண்டே சீட் இருக்கிறது, அரை மணி நேரம் பிடித்து வைக்கலாம் என்றான். நான் மேனேஜர் அறைக்குள் போனேன். அவர் ஓர் எகிப்துக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். என் நிரலின் பிழை, என் பிழை, இன்னொரு டிக்கெட் வேண்டும், நாளைக்கு அந்த ஆளின் மகளுக்குக் கல்யாணம் என்று நாலு வாக்கியம் சொன்னேன். கேம்ப் பாஸின் பேரை எடுக்கவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "யல்லா, போய்ச் செய்" என்றார்.

இனி எந்தக் காகிதத்தையும் நம்புவதாக இல்லை. ஃபைலில் இருந்த பாஸ்போர்ட் நகலில் அடிப்பகுதி கறுத்துப்போய்க் கிடந்தது. அசல் அவருடைய கையில்தான் இருந்தது. திரும்ப அவருக்கு அடித்தேன்.

"அண்ணை, பாஸ்போர்ட்டை விரியுங்கோ. உங்கட படம் இருக்கிற பக்கம். அடியில ரெண்டு நீள வரி இருக்கோ?"

"இருக்கு மேடம். என்னமோ அம்புக்குறியா கெடக்கு."

"அதுதான். முதல் வரியை ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ, அம்புக்குறியையும் சேர்த்து."

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு வாசிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. பி. அம்புக்குறி. நாட்டுக்கு மூன்று எழுத்து. பிறகு அவருடைய அப்பாவின் பெயர், எழுத்தெழுத்தாக. "இப்ப அம்புக்குறி மேடம். ரெண்டு."

"ரெண்டேதானே?"

"ரெண்டுதான் மேடம். அப்புறம் என் பேரு வருது."

ஏர்போர்ட்டுகளில் மெஷின் படிக்கிறது அந்த வரியைத்தான். நாற்பத்துநாலு எழுத்து, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. குடும்பப் பெயர் முடிகிற இடத்தில் இரட்டை அம்புக்குறி, பெயருக்குள் இடைவெளி வருகிற இடத்தில் ஒற்றை, கடைசியில் இடம் நிரம்பும் வரைக்கும் அம்புக்குறிகள். என் முன்னால் இருந்தது மிக ஒழுங்கான ஒரு ஸ்ட்ரிங். இத்தனை நாளும் அது எல்லாருடைய சட்டைப்பையிலும் இருந்திருக்கிறது, நான் கேம்ப் பாஸின் பட்டியலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கடைசி அம்புக்குறி வரைக்கும் வாசித்தார். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்துநாலு. ஏஜென்டுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

"அண்ணை, டாக்ஸி பிடிச்சு துபாய் ஏர்போர்ட்டுக்குப் போங்கோ. சென்னையில இறங்கினதும் கார் பிடிச்சால் விடிஞ்சு எட்டரைக்கு ஊரில நிப்பியள்."

"ராத்திரி பொண்ணழைப்புக்கு நான் இருக்க மாட்டேனா மேடம்?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. "இருக்க மாட்டியள் அண்ணை" என்றேன். "என்ர பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி மேடம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

அவர் கிளம்பினார். மிச்சம் நாற்பது பேர் இருந்தார்கள், அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம். கேம்ப் பாஸ் அறை அறையாக ஓடி, நாற்பது பாஸ்போர்ட்டின் அடி வரிகளையும் படம் எடுத்து அனுப்பினார். நான் ஒவ்வொன்றாக அடித்து எண்ணிச் சரிபார்த்தேன். பிறகு ஐந்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்சொல்லாகப் பிரி. ஒவ்வொரு சொல்லும் பாஸ்போர்ட் வரிக்குள் இருக்கிறதா என்று பார். இல்லாத சொல்லை மட்டும் அச்சிடு. ஒரு ஸ்ட்ரிங்குக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்க ஒரே ஒரு சின்னச் சொல் போதும். ஓட்டினேன். திரையில் ஏழு சொல் வந்து நின்றன.

சோடாபுட்டி. நெட்டை. பரமக்குடி. புதுசு. சமையல். வெத்தல. சிரிச்சான்.

ஏழு டிக்கெட். ஒன்று திருத்தியாயிற்று, மற்ற ஆறு பேரும் சிரிச்சான் என்றும் வெத்தல என்றும் ஆகாயத்தில் பறக்க இருந்தவர்கள். ஆறையும் அன்று மாலைக்குள் திருத்த வைத்தேன். இனி எந்தப் பயணியின் பெயரும் பாஸ்போர்ட் அடி வரியிலிருந்துதான் வரும் என்று நிரலையும் மாற்றி எழுதினேன். அது இன்றுவரை ஒரு டிக்கெட்டையும் தவறவிட்டதில்லை. அதையும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

அத்தோடு நிறுத்தவில்லை. கேம்ப் பாஸைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முழுப் பட்டியலையும் சுத்தம் செய்யப் போகிறேன், இந்த மாதிரி குப்பை ஒன்றும் இனி இருக்காது என்றேன்.

"குப்பையா?" என்றார் அவர். "அதை எடுத்துட்டியன்னா நான் ஆளைக் கூப்பிடுறது எப்படி மேடம்? பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லியா கூப்பிடட்டும்?"

"எப்பிடியும் கூப்பிடுங்கோ. என்ர பட்டியலில வேண்டாம். கலாஸ், முடிஞ்சுது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சென்னையில் இறங்கிவிட்டேன் என்று அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை டீ போட்டுக் குடிக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு ஏழரை மணி, அங்கே ஒன்பது. வழியில் கார் பஞ்சராகியிருந்தால்? கேட்டு எழுதலாமா என்று இரண்டு முறை அடித்து, இரண்டு முறையும் அழித்தேன். எட்டேகாலுக்கு, அங்கே ஒன்பதே முக்கால், ஒரு குரல் பதிவு வந்தது.

முதலில் நாதஸ்வரம்தான் கேட்டது. அதற்கு மேலே அவர் கத்திப் பேசினார். "மேடம், எட்டே முக்காலுக்கு வந்து சேந்துட்டேன் மேடம். மேடையிலதான் நிக்கிறேன். இன்னும் தாலி கட்டலை. சட்டையை மாத்திட்டு வந்து..."

அதற்குள் பின்னாலிருந்து இன்னொருவர் குரல், எனக்குத் தெரிந்த குரல். எங்கள் கேம்ப்பிலிருந்து போன மாதமே லீவில் போனவர், கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். "யோவ் சோடாபுட்டி! ஐயரு கூப்புடுறாருய்யா, பொண்ணைத் தாரை வாக்கணும்!"

"இந்தா, வந்துட்டேன்!" என்றார் அவர், ஒரு நொடிகூடத் தயங்காமல். பதிவு அதோடு நின்றது.

நான் அதை நாலு முறை கேட்டேன். மூன்றாவது முறை கண் கலங்கியது, நான்காவது முறை சிரித்தும்விட்டேன். கவுன்டரில் நின்று அது என் பெயர் இல்லை, என் பெயர் இல்லை என்று ஒரு மணி நேரம் மன்றாடிய மனிதர் அவர். அவரை அப்படி மன்றாட வைத்தவள் நான். அங்கே அந்த மேடையில், அத்தனை உறவுக்காரர் முன்னால், தன் மகளைத் தாரை வார்க்கப் போகிற நேரத்தில், அந்தப் பெயருக்குத்தான் திரும்பியிருக்கிறார்.

டீ ஆறிப்போயிருந்தது. விடுமுறை நாள் என்று பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். பழைய பட்டியல் ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தது. பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, கூப்பிடும் பெயர் என்று தலைப்புப் போட்டேன். முதலில் அவருடைய வரிக்குப் போய், சோடாபுட்டி என்று நானே என் கையால் அடித்தேன்.